மதிப்பெண்ணைச் சொல்லாத கல்லூரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரில் உள்ள ரீட் கல்லூரியைப் பற்றிச் சில கேள்விகள் வந்துள்ளன. 1908ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, இன்று ஏறத்தாழ 1,400 மாணவர்கள் மட்டுமே படிக்கும் இச்சிறிய ‘லிபரல் ஆர்ட்ஸ்’ (கலை, அறிவியல் பாடங்களைப் பரவலாகக் கற்பிக்கும்) கல்லூரியின் படிப்பு முறை நமக்குப் பழகியதிலிருந்து வெகுவாக மாறுபட்டது என்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு அங்கே இடம் கிடைத்திருக்கிறது. வேதியியல் படிக்க விரும்புகிறாள். ஆனால் முதல் ஆண்டில் பழங்கால நூல்களைப் படித்துக் கட்டுரை எழுத வேண்டுமாம். மதிப்பெண்ணை மாணவருக்கே தெரிவிக்க மாட்டார்களாம். அவள் எப்படிப் படிக்கிறாள் என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?
(வாசகி ஒருவர், கோவை)

பதில்: பிளஸ் டூ வரை ஒவ்வொரு தேர்வுக்கும் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டுப் பழகிய பெற்றோருக்கு இது கலக்கத்தைத் தருவது இயல்புதான். ஆனால் அங்கே மதிப்பெண்ணே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். ஒவ்வொரு பாடத்துக்கும் தரநிலை முறையாகப் பதிவாகிறது. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பதிவுதான் பிற பல்கலைக்கழகங்களுக்குப் போகிறது. தரம் ‘சி’க்குக் கீழே இறங்கினால் மாணவருக்குத் தகவல் வரும். மற்றபடி, கேட்டால் சொல்வார்கள். கேட்காதவரை வலிய வந்து சொல்வதில்லை. திருத்தித் தரும் கட்டுரையில் எண் இருக்காது, ஆனால் எந்த வாதம் நிற்கிறது, எது ஆதாரமின்றித் தொங்குகிறது, எந்தப் பத்தியைத் திரும்ப எழுத வேண்டும் என்று ஆசிரியரின் குறிப்புகள் விரிவாக இருக்கும். அதன் பிறகு மாணவர் ஆசிரியரின் அறைக்குச் சென்று, அந்தக் கட்டுரையை மட்டுமே வைத்துக்கொண்டு அவரோடு உட்கார்ந்து பேசலாம். நூறு பேருக்கு மேல் உட்காரும் வகுப்பில் எந்த ஆசிரியரும் இதைச் செய்ய இயலாது. இதற்காகவே சிறிய கல்லூரிகளை நான் மதிக்கிறேன்.

நீங்கள் குறிப்பிடும் முதலாண்டுப் பாடத்தின் பெயர் ‘ஹியூமானிட்டிஸ் 110’. வேதியியல் படிக்க வந்தவரும் இசை படிக்க வந்தவரும் அதைப் படித்தே ஆக வேண்டும். முதலாண்டு மாணவர் அனைவரும் ஒரே விரிவுரையைக் கேட்டுவிட்டு, சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து அதே நூலை விவாதிப்பார்கள். நீண்ட காலம் பண்டைய கிரேக்க, ரோமானிய உலகையே மையமாகக் கொண்டிருந்த இப்பாடம் ஐரோப்பாவின் மரபை மட்டும் உயர்த்திப் பிடிக்கிறது என்று 2016 முதல் மாணவர்கள் விரிவுரைக் கூடத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதைத் தொடர்ந்து பாடத்திட்டம் மாறியது. பண்டைய மத்தியதரைக் கடல் உலகத்தோடு மெக்சிகோ நகரமும், நியூயார்க்கின் கறுப்பினப் பண்பாட்டு மையமான ஹார்லெமும் இப்போது அதில் இடம்பெறுகின்றன. எதைப் படிக்க வேண்டும் என்பதையே முதலாண்டு மாணவர்கள் கேள்விக்குள்ளாக்க முடிந்தது என்பதை நான் அந்தக் கல்லூரியின் பெருமையாகவே கருதுகிறேன்.

உங்கள் மகளின் படிப்பு எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். ‘எத்தனை மார்க்?’ என்று கேட்பதை விடுத்து, ‘போன கட்டுரையில் ஆசிரியர் என்ன எழுதியிருந்தார்?’ என்று கேளுங்கள். அதற்கு அவள் விரிவாகப் பதில் சொன்னால் படிப்பு நல்லபடியாகப் போகிறது என்று பொருள். கேள்வியைத் தொடர்ந்து தட்டிக்கழித்தால், அப்போது நீங்கள் கவலைப்படலாம்.

கேள்வி: தரவரிசைப் பட்டியல்களில் இக்கல்லூரி மிகவும் கீழே இருக்கிறதே, ஏன்?
(வாசகர் ஒருவர், திருநெல்வேலி)

பதில்: ‘யு.எஸ். நியூஸ்’ இதழின் தரவரிசைக்குத் தகவல் தர 1995ஆம் ஆண்டிலேயே ரீட் மறுத்துவிட்டது. தகவல் தராத கல்லூரியையும் அவ்விதழ் தன் கணக்குப்படி வரிசைப்படுத்துகிறது. ஆகவே அந்த இடத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டம் பெற்றவர்களில் பின்னாளில் முனைவர் பட்டம் முடிப்போரின் விகிதத்தைப் பார்த்தால், அமெரிக்காவின் முன்னணிக் கல்லூரிகளில் ஒன்றாக அது நெடுங்காலமாக இருந்துவருகிறது. எனினும், பட்டம் வாங்கிய கையோடு பெரிய நிறுவனத்தில் வேலை என்பது மட்டுமே குறிக்கோளாக இருப்பவருக்கு நான் ரீட் கல்லூரியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: வகுப்பில் வாய் திறந்து பேசவே எனக்குத் தயக்கம். அங்கே எல்லா வகுப்பும் விவாதமாகத்தான் நடக்கும் என்கிறார்கள். என்னால் சமாளிக்க முடியுமா?
(மாணவர் ஒருவர், சேலம்)

பதில்: முடியும், ஆனால் முதல் பருவம் கடினமாகவே இருக்கும். ‘கான்ஃபரன்ஸ்’ என்று அவர்கள் சொல்லும் வகுப்பில் மாணவர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பார்கள். ஆசிரியரும் அதே மேசையில்தான் இருப்பார். பாடத்தைச் சொல்லித் தருவதற்குப் பதிலாக அவர் ஒரு கேள்வியை வைத்துவிட்டுக் காத்திருப்பார். படிக்காமல் வந்தவர் யார் என்பது பத்து நிமிடங்களில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பள்ளியில் நாம் சரியான விடை தெரிந்தால்தான் கையை உயர்த்துவோம். அங்கே ‘இந்த வரி எனக்குப் புரியவில்லை’ என்று சொல்வதே நல்ல தொடக்கமாகக் கருதப்படுகிறது. ஆகவே, வகுப்புக்குப் போகும் முன் நூலில் உங்களைக் குழப்பிய ஓர் இடத்தைப் பக்க எண்ணோடு குறித்துவைத்துக்கொண்டு, முதல் கால் மணி நேரத்துக்குள் அதைக் கேட்டுவிடுங்கள். நேரம் போகப் போகத் தயக்கம் கூடும், வாய்ப்பும் கைநழுவிவிடும். ஆங்கில உச்சரிப்பைப் பற்றிய கவலையை அடியோடு விடுங்கள்.

பாடத்தில் சிரமப்பட்டால் மூத்த மாணவர்கள் கட்டணமின்றிச் சொல்லித் தருவார்கள். பின்தங்கியவர்கள்தான் அவர்களிடம் போவார்கள் என்று எண்ணித் தள்ளிப்போட வேண்டாம். படிப்புச் சுமை மிக அதிகம் என்பது ரீட் மாணவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் செய்தி. மழையும் மேகமூட்டமுமாக நீளும் போர்ட்லண்டின் குளிர்காலமும் அதோடு சேர்ந்துகொள்ளும். மனம் சோர்ந்தால் ஆலோசகரைப் பார்ப்பதற்கும் தயங்கக் கூடாது.

கேள்வி: இளங்கலை மாணவர்களே அங்கு அணு உலையை இயக்குகிறார்கள் என்பது உண்மையா?
(வாசகர் ஒருவர், கல்பாக்கம்)

பதில்: உண்மைதான். 1968 முதல் அக்கல்லூரி வளாகத்தில் ஒரு சிறிய ஆராய்ச்சி உலை இயங்கிவருகிறது. மாணவர்கள் பயிற்சி பெற்று, அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் தேர்வில் தேறி, உரிமம் வாங்கிய பிறகே அதை இயக்க முடியும். இயற்பியல் மாணவர்கள் மட்டும்தான் என்ற கட்டுப்பாடு கிடையாது. இலக்கியம் படிப்பவரும் உரிமம் பெறலாம்.

கேள்வி: இளங்கலைக்கே ஆய்வேடு எழுத வேண்டும் என்கிறார்களே?
(ஆசிரியை ஒருவர், தஞ்சாவூர்)

பதில்: ஆம், எந்தத் துறையாக இருந்தாலும் விலக்கு இல்லை. மூன்றாம் ஆண்டில் துறை நடத்தும் தகுதித் தேர்வில் தேறினால்தான் இறுதியாண்டு ஆய்வேட்டைத் தொடங்க முடியும். பிறகு ஓராண்டு முழுவதும் ஒரே கேள்வியோடு, ஓர் ஆசிரியரின் வழிகாட்டுதலில் உழைக்க வேண்டும். வேதியியல் மாணவருக்கு ஆய்வகமும், மற்றவர்களுக்கு நூலகத்தில் தமக்கென்று ஒதுக்கப்பட்ட மேசையும் ஏறக்குறைய வீடாகிவிடும். முடிவில், பிற துறை ஆசிரியரும் இருக்கும் குழுவின் முன் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வாய்மொழித் தேர்வு நடக்கும். ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளில் மாணவர்கள் நூலகத்திலிருந்து பதிவாளர் அலுவலகம் வரை ஆரவாரமாக ஊர்வலம் போவார்கள். முடித்தவர்களின் தலையில் நண்பர்கள் இலைமாலை சூட்டுவார்கள். அந்த ஆய்வேடுகள் நூலகத்தின் கோபுரத்தில் சேர்த்து வைக்கப்படுகின்றன. பின்னால் வரும் மாணவர் எவரும் எடுத்துப் படிக்கலாம். முதுகலையில்கூட ஆய்வேட்டைக் கடைசி மாதத்தில் அவசர அவசரமாக முடிக்கும் வழக்கத்தைப் பார்த்துச் சலித்த நமக்கு, இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

கேள்வி: செலவு கட்டுப்படியாகுமா?
(பெற்றோர் ஒருவர், ஈரோடு)

பதில்: நிதியுதவி இல்லாவிட்டால் நடுத்தரக் குடும்பத்துக்கு நிச்சயமாகக் கட்டுப்படியாகாது. குடும்பத்தின் தேவையைக் கணக்கிட்டு ரீட் உதவுகிறது; ஆனால் வெளிநாட்டு மாணவர்களைப் பொறுத்தவரை, இடம் தருவதா என்று முடிவு செய்யும்போது அந்தத் தேவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆகவே சேர்க்கை விண்ணப்பத்தோடு நிதியுதவி விண்ணப்பத்தையும் அனுப்பிவிட வேண்டும். ‘முதலில் சேர்ந்துவிடுவோம், பிறகு கேட்டுக்கொள்வோம்’ என்று நம்பிப் போகாதீர்கள். மாணவர் விசாவில் சென்றவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அந்த வருமானம் கைச்செலவுக்கும் புத்தகத்துக்கும் ஆகுமே தவிர, கட்டணத்துக்கு எட்டாது. விடுதி, உணவு, மருத்துவக் காப்பீடு, விமானப் பயணம் எல்லாம் சேர்த்து, உதவித்தொகை போக நீங்கள் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்பதைக் கல்லூரியிடமிருந்து எழுத்து வடிவில் வாங்கிய பிறகே வங்கிக் கடனைப் பற்றி யோசியுங்கள்.