இரண்டையும் தனித்தனியாகச் சொல்

கேள்வி: அக்கா, நீங்கள் போன மாதம் எழுதியிருந்த ‘நான்கு நிமிடங்கள்’ ஜெர்மன் படத்தை செல்போனில் பார்த்தேன். அப்பா இறந்த பிறகு சித்தப்பா வீட்டில்தான் வளர்ந்தேன். பெல்ட்டால் அடிப்பார், எதற்கென்றே தெரியாது. 16 வயதில் வண்டி திருடி மாட்டிக்கொண்டு கூர்நோக்கு இல்லத்தில் இருந்தேன். இப்போது 24. தறி ஓட்டுகிறேன். தறிச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழாது, அதனாலேயே இந்த வேலை பிடிக்கும். பெண் பார்த்திருக்கிறார்கள். அவளிடம் சொல்லிவிடவா? அடி வாங்கியதால்தான் திருடினேன் என்றால் சாக்குச் சொல்கிற மாதிரி ஆகிவிடாதா?
– பெயர் வேண்டாம், பல்லடம்

பதில்: தறிச் சத்தத்தைப் பற்றி நீ எழுதிய வரியை மூன்று தடவை படித்தேன், கண்ணு. நிச்சயத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடு. தரகர் வழியாகவோ மாமா வழியாகவோ வேண்டாம், நீயே அந்தப் பெண்ணிடம் நேரில் சொல்.

சாக்கா என்று கேட்டாயே, அதற்குப் படத்திலேயே பதில் இருக்கிறது. படத்தின் நாயகி ஜென்னி கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருப்பவள். சின்ன வயதில் பியானோ மேதை என்று கொண்டாடப்பட்ட பிள்ளை, வளர்த்த அப்பனே அவளைச் சீரழித்தவன். இயக்குநர் கிறிஸ் க்ராஸ் நினைத்திருந்தால் ‘பாவம் இந்தப் பெண்’ என்று நம்மை அழவைத்து அனுப்பியிருக்கலாம், ஆனால் அவர் அப்படிச் செய்யவில்லை. சிறையில் பியானோ வாசிக்க விடவில்லை என்றதும் ஒரு காவலரை அவள் அடிக்கிற அடி இருக்கிறதே, எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அந்த மனிதரும் இசைமேல் ஆசை உள்ளவர்தான், அவள் அப்பன் செய்ததற்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? அடிபட்ட பிள்ளை, அடிக்கிறவள், இருவரும் அவளேதான். படம் ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கவே இல்லை, 2007இல் ஜெர்மனியின் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த படமாக அது வந்தது சும்மா இல்லை.

நீயும் அப்படியே சொல். ‘16 வயதில் வண்டி திருடினேன், இல்லத்தில் இருந்தேன்’ என்று முதலில் சொல்லி நிறுத்து. அப்புறம், அவள் கேட்டால், சித்தப்பாவைப் பற்றிச் சொல். வண்டியை எடுத்தது நீ, பெல்ட்டை எடுத்தது அவர். ‘அதனால்தான்’ என்ற ஒரு வார்த்தையை நடுவில் போடாமல் இருந்தால் போதும், சாக்கு ஆகாது.

சட்டத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி உன் மாதிரி வழக்குகளால் பின்னாளில் எந்தத் தகுதியிழப்பும் வராது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அந்தப் பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஆக, நீ அவளிடம் சொல்வது சட்டத்துக்காக அல்ல, கூட வாழப்போகிறவளுக்காக.

இன்னொன்று. கையைப் பின்னால் விலங்கிட்டிருக்க, பியானோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜென்னி வாசிப்பாளே, நினைவிருக்கிறதா? எனக்கு அதைவிடக் கடைசிக் காட்சிதான் மனதில் நிற்கிறது. சுற்றிலும் போலீஸ் நிற்க, தன் இஷ்டத்துக்கு வாசித்து முடித்துவிட்டு, யாருக்கும் குனியாத அந்தப் பெண், சிறையில் தனக்குப் பியானோ கற்றுத்தந்த கிழவியைப் பார்த்துக் குனிந்து வணங்குவாள். அந்த டீச்சர் அவளைக் கொஞ்சியதே இல்லை. ஆனால் விடவும் இல்லை. (80 வயதுக் கிழவியாக நடித்த மோனிகா ப்ளைப்ட்ராய்க்கு அப்போது அறுபதைத் தாண்டி ஒன்றிரண்டு வருஷம்தான், நம்பவே முடியாது.) உனக்கும் அப்படி விடாத ஆள் ஒருவர் வேண்டும். தறி நின்ற பிறகு, ராத்திரியில், பழசெல்லாம் காதில் கேட்குமே, அந்த நேரத்தில் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு போன் செய். காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். முதல் தடவை பேச வரவில்லை என்றால் வைத்துவிட்டு மறுநாள் பேசு.

கேள்வி: என் வகுப்பில் ஒரு பையன், நான் கரும்பலகை பக்கம் கையைத் தூக்கினாலே தலையை மூடிக்கொள்கிறான். வீட்டுச் சமாச்சாரத்தில் தலையிடலாமா?
– ஓர் ஆசிரியை, கோபி

பதில்: தலையிட்டே ஆக வேண்டும் டீச்சர். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள், சாட்சியெல்லாம் நீங்கள் தேட வேண்டியதில்லை. பாலியல் தொல்லையாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போலீஸுக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கட்டாயம். பெற்றோரைக் கூப்பிட்டு முதலில் விசாரிக்காதீர்கள், அன்றைக்கு ராத்திரி அந்த அடியும் பையன் முதுகில்தான் விழும். பல்லடத்துத் தம்பிக்கும் அந்த வயதில் ஒரு டீச்சர் இருந்திருப்பார்.