நடுவில் லண்டன் இருக்கிறதே!

கேள்வி: அம்பத்தூரில் சிறிய லேத் பட்டறை நடத்துகிறேன். மண் தடத்தில் பைக் ஓட்டும் ஸ்பீட்வே கிராண்ட் பிரி பந்தயத்தின் 2025 சீசன் முழுவதையும் போனிலேயே பார்த்தேன். போலந்தின் ஸ்மார்ஸ்லிக் ஒரே ஒரு புள்ளியில் ஆஸ்திரேலியாவின் பிரேடி கர்ட்ஸை முந்தி ஆறாவது பட்டம் வாங்கியதிலிருந்து, ஒரு தடவையாவது நேரில் பார்க்க ஆசை. செக்கில் பிராக், இங்கிலாந்தில் மான்செஸ்டர், போலந்தில் கோர்சூவ் என்று மூன்று ஊர்களில் பார்க்கத் திட்டம். இடையில் லண்டனில் மச்சான் வீட்டில் தங்கிக்கொள்வேன். ஏஜென்ட் ஒருவர், "லாட்வியா விசா எடுத்துவிடலாம், ஈஸி. அதை வைத்து எங்கேயும் போகலாம்" என்கிறார். விசா மையத்தில் விண்ணப்பிக்க நேரம், அதாவது ஸ்லாட் பிடிக்கத் தனியாக 25,000 ரூபாய் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆளைக் கவிழ்ப்பது அந்தப் பாதிதான்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா ஒன்று இருந்தால் செக், போலந்து, லாட்வியா எல்லாவற்றுக்கும் போகலாம், சரி. ஆனால் நீங்கள் லாட்வியாவில் கால் வைக்கப் போவதே இல்லையே! அதிக நாள் தங்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அப்படியானால் ஏஜென்ட் என்ன செய்வார்? லாட்வியத் தலைநகர் ரிகாவில் ஏழு நாள் ஓட்டல் புக் செய்ததாக ஒரு தாள் காட்டி, விசா வந்ததும் அதை ரத்து செய்வார். பிராக்கில் இறங்கியதும் அதிகாரி "லாட்வியா விசாவோடு இங்கே ஏன் வந்தீர்கள்?" என்று கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஏஜென்ட் அப்போது அடுத்த ஆளுக்கு ஓட்டல் புக் செய்துகொண்டிருப்பார். ஷெங்கன் விசாப் பதிவுகள் பொதுக் கணினியில் 5 ஆண்டு இருக்கும். ஒரு நாட்டில் பொய் என்று பதிந்தால் மற்ற நாடுகளும் அதைப் பார்க்கும்.

உங்கள் பயணத்தில் உண்மையான சிக்கல் லண்டன்தான். பிரிட்டன் ஷெங்கனில் கிடையாது, அதற்கு விசா தனி. இது பலருக்குத் தெரியும். தெரியாதது இன்னொன்று. 2025 வரிசைப்படி பிராக் மே 31, மான்செஸ்டர் ஜூன் 13, 14, கோர்சூவ் ஜூன் 21. பிராக்கிலிருந்து லண்டனுக்கு விமானம் ஏறிய நிமிடமே ஒருமுறை நுழைவு விசா செத்துவிடும். கோர்சூவுக்கு டிக்கெட் கையில் இருக்கும், உள்ளே விட மாட்டார்கள். அதனால் விண்ணப்பப் படிவத்தில் இரண்டு முறை அல்லது பலமுறை நுழைவு என்று குறியுங்கள். காரணத்தைத் தேதிகளோடு கடிதத்தில் எழுதி, எல்லாப் போட்டி டிக்கெட்டுகளையும் இணையுங்கள். அடுத்த அட்டவணையில் தேதிகள் மாறலாம். நடுவில் பிரிட்டன் வருகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

செக்கில் மூன்று நாள், போலந்தில் மூன்று நாள் என்று சமமாக வந்தால் எங்கே விண்ணப்பிப்பது? முதலில் நுழையும் நாடு, அதாவது செக். ஆனால் போலந்துதான் முக்கிய நோக்கம் என்று உங்கள் கடிதமே சொன்னால் அங்கே போகச் சொல்வார்கள். அங்கே போனால் முதலில் இறங்குவது பிராக் ஆயிற்றே என்பார்கள். இதில் நியாயம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். போலந்தில் இரண்டு நாள் கூட்டி, போலந்திலேயே விண்ணப்பியுங்கள். நாள் கணக்கு தெளிவாக இருந்தால் கேள்வியே வராது.

பாஸ்போர்ட் ஒன்றுதான், விசா இரண்டு. ஷெங்கனுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், பிரிட்டனுக்கு 3 மாதம் முன்புதான். ஆகவே பிப்ரவரியில் ஷெங்கன், பாஸ்போர்ட் திரும்பியதும் மார்ச்சில் பிரிட்டன். இதை மாற்றிச் செய்து ஏப்ரலில் தவிப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

ஸ்லாட்டுக்கு 25,000? ஷெங்கன் விசாக் கட்டணமே 90 யூரோ. சேவைக் கட்டணம் தனி. அதற்கும் ரசீது உண்டு. தரகருக்குக் கொடுப்பதற்கு எது ரசீது? நடுராத்திரியில் ஸ்லாட் தேடிப் பட்டறைக்காரரைப் போனைத் தேய்க்க வைக்கிற இந்த ஏற்பாட்டைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வருகிறது. சாதாரண மனிதனுக்கு வெள்ளிக்கிழமை காலை ஒரு நேரம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? இருந்தாலும் தேய்ப்பதற்குக் காசு வேண்டாம், பொறுமை போதும்.

வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி பதிவு, வங்கி அறிக்கை, 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எல்லாம் வழக்கம்போல். முந்தின வாரம் யாரிடமோ கைமாற்று வாங்கிக் கணக்கில் மூன்று லட்சம் போடாதீர்கள். அது பார்த்தவுடன் தெரியும்.

எல்லாச் சுற்றுக்கும் சேர்த்து 'சீசன் பாஸ்' வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் டிக்கெட் தனித்தனி, அதிகாரபூர்வ தளத்தில் நீங்களே வாங்கலாம்.

போட்டிக்கு மறுநாள் காலை திரும்பும் விமானம் வேண்டாம். மண் தடம் மழைக்குத் தாங்காது. மழை பெய்தால் பந்தயம் மறுநாளுக்குத் தள்ளிப் போகலாம். கூரை இருந்தாலும் உத்தரவாதம் இல்லை: 2015இல் வார்சா தேசிய ஸ்டேடியத்தில், தற்காலிகத் தடத்தில், 12 ஹீட்டோடு (ஹீட் என்பது பந்தயத்தின் ஒரு சிறு ஓட்டம்) பந்தயத்தையே கைவிட்டார்கள். சனிக்கிழமைப் போட்டி என்றால் ஞாயிறை முழுதாகக் காலியாக விட்டு, திங்கள் மாலை விமானத்தைப் பிடியுங்கள்.