உறைவிடப் பள்ளியில் பிள்ளைகளின் வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேள்வி சுருக்கமாக இது: மகளுக்கு 11 வயது, உறைவிடப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது, அங்கே பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும், அவள் தாங்குவாளா?

நானும் ஏறக்குறைய அந்த வயதில் ஹாஸ்டலுக்குப் போனவள். பள்ளிப் படிப்பு முடியும்வரை அங்கேதான் இருந்தேன். பிற்பாடு வேறொரு உறைவிடப் பள்ளியில் உதவி வார்டனாகச் சில வருடங்கள் வேலை பார்த்தேன். அதனால் டார்மிட்டரி கட்டிலில் படுத்திருப்பவளின் கவலையும் தெரியும், ராத்திரி டார்ச் லைட்டோடு ரவுண்ட்ஸ் போகிறவளின் கவலையும் தெரியும்.

சேர்க்கைக்குப் போனால் வகுப்பறை, ஆய்வகம், விளையாட்டுத் திடல், தேர்ச்சி விவரம் எல்லாம் காட்டுவார்கள். வீட்டிலிருந்து போய்வரும் பள்ளிகளிலும் இவையெல்லாம் உண்டு. உறைவிடப் பள்ளியின் வாழ்க்கை மாலையில் கடைசி மணி அடித்த பிறகுதான் தொடங்குகிறது. 4 மணிக்கு வகுப்பு விட்டால் மறுநாள் காலை 8 மணிவரை 16 மணி நேரம். அந்த நேரத்தில் பிள்ளை யார் கண்ணில் படுகிறாள், ஒன்று என்றால் யாரிடம் போய்ச் சொல்வாள்? அங்கே அவள் நன்றாக இருப்பாளா என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்தது. நான் எழுதப்போவதும் அந்த நேரத்தைப் பற்றித்தான்.

அட்டவணை எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விடியும் முன் மணி, குளியலறை வரிசை, உடற்பயிற்சி, மெஸ், வகுப்பு, மாலை விளையாட்டு, துணி துவைப்பது, ஸ்டடி அவர், இரவுச் சாப்பாடு, ரோல் கால், லைட்ஸ் ஆஃப். முதல் வாரம் இதைக் கண்டு பயப்படும் பிள்ளைகள் மூன்றாம் வாரத்தில் மணி அடிக்கும் முன்பே எழுந்து பக்கெட்டைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிடுவார்கள். அட்டவணைக்குப் பழகுவது கஷ்டமே இல்லை. அது பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

கஷ்டம், ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்க முடியாதது. சாப்பிடும்போது, படிக்கும்போது, உடை மாற்றும்போது, தூங்கும்போது சுற்றிலும் ஆட்கள். அழ வேண்டும் என்றால்கூட இடம் தேட வேண்டும். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவார்கள், இல்லையென்றால் துணிக்கொடியில் காயும் போர்வைக்குப் பின்னால். கலகலப்பாகப் பழகும் பிள்ளைகளுக்கு இந்தக் கூட்டம் கொண்டாட்டம். ஒதுங்கி இருந்து படிக்கவும் வரையவும் பிடித்த பிள்ளைகளுக்கு இது உடம்பை அசதியாக்குகிற வேலை, அவர்கள் சாயங்காலத்துக்குள் களைத்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன். 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு, குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு, அவளுடைய கடிதப் போக்குவரத்தில்கூட யாரும் காரணமின்றித் தலையிடக்கூடாது என்கிறது. ஹாஸ்டலில் அந்த உரிமைக்கு உருவம் ஒன்றே ஒன்று: பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொள்ளக்கூடிய ஓர் அலமாரி. டைரியை எடுத்து நாலு பேர் நடுவில் சத்தமாக வாசித்த ஒரே நாளில் ஒரு பிள்ளை மாதக்கணக்கில் யாரோடும் பேசாமல் போய்விடுவாள். உங்கள் மகள் அமைதியானவள் என்றால், மாலையில் நூலகம் திறந்திருக்குமா, அங்கே போய் உட்கார அனுமதி உண்டா என்று கட்டாயம் கேளுங்கள்.

அடுத்தது வீட்டு நினைப்பு. அது பகலில் அவ்வளவாக வராது. வகுப்பும் விளையாட்டும் அதை அண்டவிடாது. இருட்டத் தொடங்கும் நேரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விளக்கு அணைத்ததும் வரும் அரை மணி நேரம், காய்ச்சலில் படுத்திருக்கும் நாள், இவைதான் அதன் நேரங்கள். சின்னப் பிள்ளைகள் 'வீட்டு ஞாபகம் வருகிறது' என்று சொல்வதே இல்லை. வயிறு வலிக்கிறது, தலை வலிக்கிறது, பசிக்கவில்லை என்பார்கள். நடிப்பு இல்லை அது, உண்மையிலேயே வலிக்கும். பெற்றோர் வந்துபோன மறுநாள் சிக் ரூமில் கூட்டம் கூடுவதைப் பார்த்தாலே புரியும்.

இதற்குப் பல பள்ளிகள் ஒரு வழக்கம் வைத்திருக்கின்றன: முதல் சில வாரங்களுக்கு வீட்டோடு பேசவே விடமாட்டார்கள், அப்போதுதான் பிள்ளை 'செட்' ஆகுமாம். நான் இதை முழுமையாக எதிர்க்கிறேன். அப்படிப் பேசாமல் இருக்கும் பிள்ளை பழகிவிடுவதில்லை, சொல்வதை நிறுத்திவிடுகிறது. குறித்த நாளில், குறித்த நேரத்தில், சுருக்கமான ஒரு போன் நல்லது. அழைப்பு வரும் என்று தெரிந்தால் அதுவரை தாங்குவாள். சேர்க்கும் முன்பே உறவினர் வீட்டில் ஓரிரு இரவு உங்களை விட்டுத் தங்கிப் பழகட்டும். 'பிடிக்கவில்லை என்றால் சொல், உடனே வந்து கூட்டிப்போகிறேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தை மருத்துவர்களும் இதைச் சொல்கிறார்கள். அந்த வாக்கு மனதில் இருந்தால் ஒவ்வொரு சின்னக் கஷ்டமும் கிளம்புவதற்கான காரணமாகவே அவளுக்குத் தெரியும்.

யாரும் பேசாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படுக்கையில் சிறுநீர் போவது. 10 வயதில் ஏறத்தாழ 20 பிள்ளைகளில் ஒருவருக்கு இது இன்னும் இருக்கும் என்பது மருத்துவர்களின் கணக்கு. 40 கட்டில் உள்ள டார்மிட்டரியில் இரண்டு பேர். முன்பே நின்றுபோன சிலருக்கும் புது இடத்தின் பதற்றத்தில் திரும்ப வரும். நான் படித்த காலத்தில் ஒரு சிறுமியை ஈரப் போர்வையோடு எல்லார் முன்னாலும் நடக்கவைத்தார்கள். அவள் அதற்குப் பிறகு சாயங்காலம் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். அதனால் நான் வார்டன் வேலைக்கு வந்ததும் செய்த முதல் காரியம், மாற்றுப் போர்வைகளை என் அறையிலிருந்து எடுத்து, பிள்ளைகள் கேட்காமலே எடுத்துக்கொள்ளும்படி நடையிலிருந்த அலமாரியில் வைத்தது. நனைந்தது ஒரு கூடையில், புதியது அலமாரியில். யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மகளுக்கு அந்தச் சிக்கல் இருந்தால் வெட்கப்படாமல் வார்டனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கேட்டதும் அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் பாருங்கள், பாதி விஷயம் அதிலேயே தெரியும். மாதவிலக்கு விஷயமும் இப்படித்தான். முதல் முறை அங்கேயே வரக்கூடும். யாரிடம் போக வேண்டும், நாப்கின் எங்கே இருக்கும் என்பது அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

உடம்பு சரியில்லாமல் போவது அடிக்கடி நடக்கும். இங்கிலாந்தில் 1978-இல் ஆண்கள் உறைவிடப் பள்ளி ஒன்றில் பரவிய இன்ஃபுளுயென்ஸா, மருத்துவப் பாடங்களில் இன்றும் சொல்லப்படுகிறது. மொத்தம் 763 மாணவர்கள், இரண்டே வாரத்தில் 512 பேர் படுக்கையில் விழுந்தார்கள். ஒரே அறையில் தூங்கி, ஒரே இடத்தில் சாப்பிட்டால் அப்படித்தான் பரவும். அம்மை, கண்வலி, பேன் எல்லாம் வரும். ஸ்கேபீஸ் என்கிற சொறி சிரங்கு இன்னும் பொல்லாதது. முதல் தடவை தொற்றியவருக்கு அரிப்பு தெரியவே சில வாரம் ஆகும், அதற்குள் பக்கத்துக் கட்டிலுக்குப் போயிருக்கும். அறையிலுள்ள அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மருந்து பூசி, போர்வை துணிகளை வெந்நீரில் துவைத்தால்தான் போகும். ஒருத்திக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பும் ஹாஸ்டலில் அது ஆண்டு முழுக்கச் சுற்றும்.

தூக்கம் பற்றி எனக்குக் கடும் கோபம் உண்டு. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் கொடுத்த பரிந்துரைப்படி 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரமும் தூங்க வேண்டும். வளரும் பருவத்தில் உடலின் கடிகாரமே தள்ளிப்போகிறது, தூக்கம் தாமதமாகத்தான் வரும், அது சோம்பேறித்தனம் அல்ல. ஆனால் இரவு 10:30-க்கு விளக்கை அணைத்துக் காலை 5 மணிக்கு மணி அடிக்கிற பள்ளிகள் இருக்கின்றன. கணக்குப் போட்டால் ஆறரை மணி நேரம், படுத்ததும் தூங்கினால். அதை ஒழுக்கம் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஸ்டடி அவரில் புத்தகத்தின் மேல் தலை சாயும் பிள்ளையை எழுப்பி நிற்கவைப்பதும் அதே ஆட்கள்தான். வேறு எதை விட்டாலும், இந்த இரண்டு மணிகளின் நேரத்தைக் கேட்டுக் கழித்துப் பாருங்கள்.

சீனியர், ஜூனியர் விவகாரத்துக்கு வருகிறேன். பெரிய மாணவர்களிடம் சின்னவர்களின் பொறுப்பைக் கொடுப்பது பழைய முறை. இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் 1828 முதல் தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்ட் மேல்வகுப்பு மாணவர்களை வைத்தே ஒழுங்கை நடத்தினார், மற்றப் பள்ளிகளும் அதைப் பின்பற்றின. சின்னப் பையன்கள் பெரியவர்களுக்கு ஏவல் வேலை செய்யும் வழக்கமும் அங்கே நெடுங்காலம் இருந்தது. அந்த வழக்கம் ஒழிந்தும் அதன் சாயல் எல்லா ஹாஸ்டலிலும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது: பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வை, என் துணியை எடுத்து வா. பெரியவர்கள் யாரும் கவனிக்காத இடத்தில் அது ஏவலோடு நிற்காது, அடியாகும், அவமானமாகும். கவனிக்கிற வார்டனுக்கு அடையாளங்கள் தெரியும். மெஸ்ஸில் எப்போதும் கடைசியாக வந்து உட்காருகிறவள், அடிக்கடி பொருள் 'தொலைகிற'வள், மாலையில் குளிக்கப் போகவே பயப்படுகிறவள்.

அதே சீனியர்கள்தான் அங்கே கிடைக்கும் பெரிய ஆதரவும். எனக்குத் தலை பின்னக் கற்றுக்கொடுத்தது ஒரு சீனியர் அக்கா. பரீட்சைக்கு முந்தின இரவு பயந்து நடுங்கியபோது பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். கூடப் படித்தவர்களின் காலடிச் சத்தத்தை வைத்தே யார் வருகிறார் என்று சொல்லிவிடுவேன். பிடிக்காதவளோடும் ஒரே அறையில் சண்டையில்லாமல் காலம் தள்ள, இருக்கிற கொஞ்சத்தைப் பங்கிட, தன் துணியையும் தன் நேரத்தையும் தானே பார்த்துக்கொள்ள நான் அங்கேதான் கற்றேன். வீட்டில் சண்டை, குடி, இடவசதி இல்லாமை என்றிருந்த சில பிள்ளைகளுக்கு ஹாஸ்டல்தான் நிம்மதியாகத் தூங்கிய முதல் இடம். விடுமுறை நெருங்க நெருங்க அவர்கள் முகம் வாடும். 

விடுமுறையைப் பற்றிப் பெற்றோர்கள் அதிகம் யோசிப்பதில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் முதல் இரண்டு நாள் விருந்து உபசாரம். பிறகு ஒரு தடுமாற்றம் வரும். அவள் இல்லாத காலத்தில் வீட்டில் புது வழக்கங்கள் வந்திருக்கும், தம்பி தங்கைகள் அவள் இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், அவள் மேசையில் யாருடைய சாமானோ இருக்கும். எல்லாரும் சிரிக்கிற விஷயம் அவளுக்கு மட்டும் புரியாது. அவள் பேசும் ஹாஸ்டல் கதைகள் மற்றவர்களுக்குப் புரியாது. தன் வீட்டிலேயே விருந்தாளி ஆனது போன்ற இந்த உணர்வு, எனக்குத் தெரிந்த பலருக்கு ஹாஸ்டலின் எந்தக் கஷ்டத்தையும்விட ஆழமாக உறைத்தது. அவள் அலமாரியை அப்படியே விட்டுவையுங்கள். வீட்டு வேலையில் அவள் பங்கையும் அவளுக்கே வையுங்கள். போனில் நல்ல செய்தியோடு சின்னச் சண்டைகளையும் சொல்லுங்கள்.

பிள்ளை வீட்டோடு பேச முடியாத உறைவிடப் பள்ளி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கனடாவில் நடந்தது சாட்சி. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தேவாலயங்கள் நடத்திய அரசு உறைவிடப் பள்ளிகளில் வைத்தார்கள். சுமார் 1,50,000 பிள்ளைகள். தாய்மொழி பேசினால் தண்டனை. ஆயிரக்கணக்கானோர் அங்கேயே இறந்தார்கள். கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில்தான். அது கட்டாயப்படுத்திப் பிரித்த கொடுமை, உங்கள் மகள் போகும் பள்ளியோடு அதை ஒப்பிடவில்லை. ஆனால் யாரும் ஒட்டுக்கேட்காமல் பெற்றோரோடு பேசும் வசதி ஒரு சலுகை அல்ல, பாதுகாப்பு என்பதை அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன். போன் பேசும்போது வார்டன் பக்கத்தில் நிற்பது வழக்கம் என்றால் அந்தப் பள்ளியில் நான் சேர்க்கமாட்டேன்.

இனி, நீங்கள் செய்யக்கூடியது. பள்ளியைப் பார்க்கச் சாயங்காலம் போங்கள். கழிப்பறையைப் பாருங்கள், தாழ்ப்பாள் வேலை செய்கிறதா என்று போட்டுப் பாருங்கள். இரவில் அதே மாடியில் தூங்கும் பெரியவர் யார், அவர் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள், இரவு 2 மணிக்கு வயிற்று வலி வந்தால் மகள் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று கேளுங்கள். பதிலை அலுவலகத்தில் வாங்காதீர்கள், அங்கே படிக்கிற ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் கேளுங்கள். அவள் தயங்காமல் ஒரு பெயரைச் சொன்னால் நல்ல அறிகுறி.

மகள் தாங்குவாளா என்று கேட்டீர்கள். போக அவளுக்கு ஆசை இருந்தால், பேச வழியும் தூங்க நேரமும் இருந்தால், பெரும்பாலும் தாங்குவாள். முதல் ஒரு மாதத்து அழுகையைக் கண்டு முடிவெடுக்காதீர்கள். ஒரு டெர்ம் முடிந்தும் எடை குறைந்துகொண்டே போனாலோ, தூங்கவே முடியவில்லை என்றாலோ, போனில் 'ம்', 'சரி' தவிர வேறு சொல் வரவில்லை என்றாலோ, கட்டிய கட்டணத்தையும் சொந்தக்காரர்கள் பேச்சையும் பார்க்காமல் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுங்கள்.