போனை ரூட் செய்யலாமா? எல்லையோர ஊர்க்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் போன் பழுது பார்க்கும் என்னிடம் வாளையாறு முதல் மீனாட்சிபுரம் வரையுள்ள தமிழர்கள் ரூட் பற்றிக் கேட்டிருந்தவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

வண்ணாமடை, கல்லூரி மாணவர்: அண்ணா, ரூட் செய்வது என்றால் உண்மையில் என்ன? வகுப்பில் பலர் செய்திருப்பதாகச் சொல்கிறார்கள்.

ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருப்பது லினக்ஸ், தம்பி. அதில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிப் பயனர் எண் உண்டு. ஒரு செயலி இன்னொன்றின் கோப்புகளுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. எதையும் பார்க்கவும் மாற்றவும் அதிகாரம் உள்ள பயனருக்கு எண் பூஜ்யம், பெயர் ரூட். போனை விற்கும் நிறுவனம் அந்த அதிகாரத்தை நமக்குத் தருவதில்லை. அதை நாமே எடுத்துக்கொள்வதுதான் ரூட் செய்வது.

இன்று பெரும்பாலானோர் இதற்குப் பயன்படுத்துவது மேஜிஸ்க் என்ற மென்பொருள். ஜான் வூ என்பவர் 2016இல் வெளியிட்டது. சிஸ்டம் பகுதியைத் தொடாமல், போன் துவங்கும்போது ஓடும் பூட் படிமத்தை மட்டும் மாற்றுகிறது. ஆனால் அதற்கு முன் பூட்லோடரின், அதாவது போனைத் துவக்கிவைக்கும் நிரலின், பூட்டைத் திறக்க வேண்டும். திறந்த கணமே போனில் உள்ள படம், செய்தி, எண்கள் எல்லாம் அழிந்துவிடும். திருடன் கையில் போன் சிக்கினாலும் உள்ளிருப்பது கிடைக்கக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு அது.

எல்லா போனிலும் இது நடக்காது. கூகுள் பிக்சலில் எளிது. ஷாவ்மியின் பல மாடல்களில் விண்ணப்பித்துவிட்டு 168 மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஹுவாவே 2018இலேயே திறப்புக் குறியீடு தருவதை நிறுத்திவிட்டது. உன் மாடலுக்கு வழி இருக்கிறதா என்று முதலில் பார். அதன் பிறகு மற்றதைப் பேசலாம்.

கோவிந்தாபுரம், பழக்கடை வைத்திருப்பவர்: ரூட் செய்தால் கூகுள் பே, போன்பே, வங்கிச் செயலி எல்லாம் ஓடுமா?

ஓடலாம், ஓடாமலும் போகலாம். இதில் சிக்கலே அந்த நிச்சயமின்மைதான்.

பணம் கையாளும் செயலி திறக்கும்போது, 'இந்த போன் நம்பத்தக்கதா' என்று கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி என்ற சோதனைச் சேவையிடம் கேட்கிறது. புதிய போன்களில் பதில் தருவது மென்பொருள் மட்டுமல்ல, பாதுகாப்பான வன்பொருள் பகுதியில் இருக்கும் சாவியும்தான். பூட்லோடர் திறந்திருப்பதை அது சொல்லிவிடும். இதை மறைக்க, மேஜிஸ்க்கோடு சேர்க்கும் மாட்யூல்கள் என்ற துணை நிரல்கள் இருக்கின்றன. எங்கிருந்தோ கசிந்த வேறொரு போனின் சாவியைக் காட்டித் தப்பிப்பார்கள். கூகுள் அந்தச் சாவியைக் கண்டுபிடித்து ரத்து செய்யும். உடனே இன்னொரு சாவி தேடுவார்கள். காலையில் ஓடிய வங்கிச் செயலி மாலையில் 'இந்தச் சாதனத்தில் இயங்காது' என்று நின்றுவிடும்.

வாடிக்கையாளர் பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டு கிலோ மாம்பழத்துக்குப் பணம் அனுப்பிவிட்டு, வந்ததா என்று கேட்டுக்கொண்டு நிற்பார். கியூஆர் அட்டை வழியாகப் பணம் உங்கள் கணக்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதைச் சரிபார்க்க உங்கள் செயலி திறக்காது. கடை நடத்துகிறவருக்கு இது வேண்டாத வேலை. கடைக்கணக்கு ஓடும் போனை ரூட் செய்யவே செய்யாதீர்கள். ஆசை இருந்தால் அலமாரியில் கிடக்கும் பழைய போனில் செய்து பாருங்கள்.

நல்லேப்பிள்ளி, பள்ளி ஆசிரியை: தம்பி, பேத்தியின் பிறந்தநாள் படங்கள் தவறுதலாக அழிந்துவிட்டன. ரூட் செய்தால் மீட்டுத் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். 2,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கட்டுமா?

டீச்சர், தயவுசெய்து கொடுக்காதீர்கள். பூட்டைத் திறந்தாலே மிச்சமுள்ள படங்களும் அழியும் என்று மேலே சொன்னேன். அதோடு, ஆண்ட்ராய்டு 10 முதல் புதிதாக வரும் போன்களில் சேமிப்பகம் முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பது கட்டாயம். ஒவ்வொரு கோப்புக்கும் தனிச் சாவி. கோப்பு அழிந்தால் சாவியும் போய்விடும். எஞ்சிய துண்டுகளைத் தோண்டி எடுத்தாலும் படமாகாது. காலியான இடத்தை போன் அவ்வப்போது தானே துடைத்தும் விடுகிறது. பழைய மெமரி கார்டு காலத்தில் பலித்த வித்தையை இப்போதும் பலிக்கும் என்று சொல்லிப் பணம் வாங்குவது எனக்குக் கோபம் வரவைக்கிறது.

இவற்றைப் பாருங்கள். கூகுள் போட்டோஸின் குப்பைத்தொட்டியில், இணையத்தில் சேமித்த படங்கள் 60 நாட்கள் இருக்கும். போனின் கேலரியிலும் தனிக் குப்பைத்தொட்டி இருக்கலாம்; பெரும்பாலும் 30 நாள் கெடு. பிறகு, அந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களிடம் கேளுங்கள். உங்கள் போனிலேயே வாட்ஸ்அப் கோப்புறைக்குள் 'சென்ட்' என்று ஓர் உள்கோப்புறை இருக்கும். அனுப்பிய படங்களின் நகல் அதில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

வாளையாறு, லாரி ஓட்டுநர்: எல்லையைத் தாண்டும்போதெல்லாம் சிக்னல் விழுந்துவிடுகிறது. ரூட் செய்தால் ஏறுமா?

ஏறாது அண்ணா. சிக்னல் ஆண்டெனாவையும் டவரையும் மலையையும் பொறுத்தது. நடப்பது என்னவென்றால், போன் பின்னால் விட்டுவந்த டவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஏரோபிளேன் மோடை ஒருமுறை போட்டு எடுத்தால் பக்கத்து டவரைத் தேடிப் பிடிக்கும். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

மீனாட்சிபுரம், பி.காம். முடித்தவர்: கம்பெனியே ஏற்றி அனுப்பிய வேண்டாத செயலிகளை நீக்க ரூட் தேவைதானே?

ஒரு காலத்தில் தேவைப்பட்டது. இப்போது கணினியும் யூஎஸ்பி வயரும் ஏடிபி என்ற கருவியும் போதும். உங்கள் பயனர் கணக்கிலிருந்து அந்தச் செயலியை அது நீக்கிவிடும். உத்தரவாதமும் போகாது, வங்கிச் செயலியும் முறைக்காது. போனை முழுதாக ரீசெட் செய்தால் செயலிகள் திரும்ப வரும், அவ்வளவுதான். பெயர் புரியாத எதையும் நீக்காதீர்கள். விளம்பரத் தொல்லைக்கு, ஆண்ட்ராய்டு 9 முதல் அமைப்புகளில் இருக்கும் 'பிரைவேட் டிஎன்எஸ்' வழியாக விளம்பரத் தடுப்புச் சேவை ஒன்றைச் சேர்த்தால் பெரும்பகுதி குறையும்.

சித்தூர், மென்பொருள் படிப்பவர்: எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்கிறீர்கள். ரூட்டில் நன்மையே இல்லையா அண்ணா?

இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் அதுதான். ஆண்ட்ராய்டு 2 காலத்தில் பல போன்களில் தமிழ் வெறும் சதுரக் கட்டங்களாகத் தெரியும். ஓபரா மினியில் எழுத்துகளைப் படமாக்கும் அமைப்பைப் போட்டுத்தான் படித்தோம். போன் முழுக்கத் தமிழ் தெரிய வேண்டும் என்றால் ரூட் செய்து எழுத்துருவை ஏற்ற வேண்டும். நம் மொழியைப் படிக்கவே அது தேவைப்பட்டது!

இன்றும் சில வேலைகளை ரூட் மட்டுமே முழுமையாகச் செய்யும். செயலிகளை அவற்றின் உள்தரவோடு காப்பெடுக்கலாம். சார்ஜ் 80 விழுக்காட்டில் நிற்கும்படி, அந்த வசதி தராத போனிலும் அமைத்து பேட்டரியின் ஆயுளைக் கூட்டலாம். அழைப்புப் பதிவுக்கு ப்ளே ஸ்டோர் செயலிகள் பயன்படுத்திய வழியைக் கூகுள் 2022 மே மாதம் அடைத்துவிட்டது. ரூட் செய்த போனில் அதற்கு வேறு வழி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இயங்குதளம் எப்படி ஓடுகிறது என்று உள்ளே நுழைந்து கற்றுக்கொள்ளலாம். நீங்கள் படிக்கும் படிப்புக்கு இது பெரிய லாபம். காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கும் உரிமை வாங்கியவருக்கு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

அப்டேட் நின்றுபோன பழைய போனுக்கு, ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட லினியேஜ் ஓஎஸ் என்ற மாற்று இயங்குதளத்தை ஏற்ற நினைத்தால் பூட்லோடரைத் திறந்தால் போதும், ரூட் தனி.

பொள்ளாச்சி, சாம்சங் வைத்திருப்பவர்: ரூட் செய்துவிட்டு பிறகு பழையபடி மாற்றிவிட்டால் கடைக்காரருக்குத் தெரியாதல்லவா?

தெரியும். சாம்சங்கில் நாக்ஸ் என்ற பாதுகாப்புக்காக ஒரு மின்னணு ஃபியூஸ் இருக்கிறது. அங்கீகாரமற்ற மென்பொருள் ஏறினால் அது எரிந்துவிடும். மென்பொருளை எத்தனை முறை திருப்பினாலும் எரிந்தது எரிந்ததுதான். படம், கோப்புகளைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் அந்த போனில் மறுபடி வராது.

வேலந்தாவளம், பிளஸ் டூ மாணவர்: ஒரே பொத்தானில் ரூட் செய்யும் செயலி ஒன்று கிடைத்தது. போடலாமா?

வேண்டாம் தம்பி. அதற்கு முழு அதிகாரம் கொடுப்பது, முகம் தெரியாதவரிடம் வீட்டின் கொத்துச்சாவியைக் கொடுப்பது. அப்படிப்பட்ட செயலி பலிப்பதும் பெரும்பாலும் பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்படாத பழைய போன்களில்தான்.

முதலமடை, மாந்தோப்பு குத்தகைக்காரர்: பழைய போன் ஒன்று வாங்கப் பார்க்கிறேன். முன்னாள் உரிமையாளர் ரூட் செய்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

போனை அணைத்துத் திரும்பப் போடுங்கள். பூட்லோடர் திறந்திருந்தால் பல போன்களில் துவக்கத்திலேயே ஓர் எச்சரிக்கைத் திரை வரும். அவசரப்படுத்தி அந்தத் திரையைப் பார்க்கவிடாமல் செய்தால் சந்தேகப்படுங்கள். பிறகு ப்ளே ஸ்டோர் அமைப்புகளில் 'அபவுட்' பகுதியில் சாதனம் சான்று பெற்றது என்று இருக்கிறதா பாருங்கள்.

ரூட்டைவிட முக்கியமான ஒன்று, ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாளமான ஐஎம்இஐ எண். *#06# அழுத்தினால் திரையில் வரும். ஆங்கில எழுத்தில் கேஒய்எம் என்று போட்டு, இடைவெளி விட்டு, அந்த எண்ணை 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்று பதில் வரும். கையில் இருக்கும் போன் வேறு, பதிலில் வரும் மாடல் வேறு என்றால் எண்ணை யாரோ மாற்றியிருக்கலாம். தொலைத்தொடர்புச் சட்டம் 2023இன்படி அப்படி மாற்றுவதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். பில்லும் பெட்டியும் இருந்தால் அவற்றில் உள்ள எண்ணோடும் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால், எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.