லாஜிக் படிக்க கோச்சிங் வேண்டுமா?

கேள்வி: மகள் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவள், இப்போது பிளஸ் ஒன். கிளாட் (தேசியச் சட்டப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு) எழுதி, கொச்சியில் உள்ள நுவால்ஸ் சட்டப் பல்கலைக்கழகத்தில் படிக்க ஆசைப்படுகிறாள். லாஜிக்குக்கு இப்போதே கோச்சிங்கில் சேர்த்துவிடலாமா?
- தென்னை விவசாயி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளா

பதில்: கொஞ்சம் பொறுங்கள். கிளாட்டில் 120 நிமிடத்தில் 120 கேள்விகள். தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். லாஜிக் பகுதியில் ஒரு பத்தியைக் கொடுத்து, எழுதியவர் என்ன முடிவுக்கு வருகிறார், எதைச் சொல்லாமலே நம்புகிறார், எந்தத் தகவல் வந்தால் அவர் வாதம் ஆட்டம் காணும் என்று கேட்பார்கள். இதைப் பழக உங்கள் ஊர் டீக்கடையே போதும். அங்கே காதில் விழும் பேச்சு ஒன்று:

"பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தப்படி வருசம் 7.25 டி.எம்.சி. நமக்கு வரோணும். வாய்க்கா காஞ்சு கெடக்குது. அப்ப தமிழ்நாட்டுக்காரங்க தண்ணி உடலீங்க."

இதை எழுதிக் கொடுத்து, காரணத்துக்கும் முடிவுக்கும் தனித்தனியாகக் கோடு போடச் சொல்லுங்கள். அது எளிது. சொல்லாமல் விட்டதைப் பிடிப்பதுதான் வேலை: திறந்த தண்ணீர் எங்கும் தங்காமல் உங்கள் வாய்க்கால்வரை வந்துவிடும் என்ற நம்பிக்கை. தமிழ்நாடு விடும் தண்ணீரை அளக்கும் மணக்கடவில் அளவு சரியாக இருந்து, கேரளப் பக்கம் மூலத்தரா தடுப்பணையில் ஷட்டர் அடைத்திருந்தால்? கிளை வாய்க்கால் மண்மூடிக் கிடந்தால்? வாதம் நிற்காது. அதற்காகத் தண்ணீர் திறந்தார்கள் என்று ஆகிவிடாது. பிள்ளைகள் வழுக்குவது பெரும்பாலும் இங்கேதான். (மணிமேகலையின் 29-ஆம் காதையில் இப்படிப்பட்ட போலிக் காரணங்களை வகைவகையாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளை கூச்சப்பட ஒன்றுமில்லை.)

சட்டப் பகுதியில் விதியையும் அவர்களே தந்துவிடுவார்கள். 'அனுமதியின்றிப் பிறர் நிலத்தில் கால் வைத்தாலே அத்துமீறல்' என்று விதி இருந்தால், வேலிக்கு அப்பால் விழுந்த தன் தேங்காயை எடுக்கப் போனவரும் அத்துமீறியவர்தான். மனசு கேட்காது, விடை மாறாது.

ஆனால் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். உங்கள் மகளுக்குத் தடை லாஜிக் அல்ல, வாசிக்கும் வேகம். தினம் ஓர் ஆங்கிலத் தலையங்கம் படிக்கட்டும். முடிவு, காரணம், சொல்லாத நம்பிக்கை மூன்றையும் முதல் சில மாதம் தமிழிலேயே எழுதட்டும். கடிகாரம் பிறகு. கோச்சிங் பணத்தைப் பிளஸ் டூவில் மாதிரித் தேர்வுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய கேள்வித்தாள் வாங்கினால் 2020-க்கு முந்தியது வேண்டாம். அப்போது கேட்ட முறையே வேறு.