கணினிக் கேள்வி பதில்: இப்போது யாரை அதிகம் பேர் பார்க்கிறார்கள்?

கேள்வி: ட்விட்ச் தளத்தில் அதிகம் பேர் பார்க்கும் நேரலைச் சேனல்களைக் காட்டும் சிறிய பக்கம் ஒன்றைக் கல்லூரித் திட்டப்பணிக்காகச் செய்கிறேன். இணையத்தில் கிடைத்த பாடத்தில் உள்ளபடியே எழுதியும், பட்டியலுக்குப் பதிலாகப் பிழைச் செய்திதான் வருகிறது. தவறு எங்கே இருக்கிறது?
(பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: நீங்கள் அனுப்பியுள்ள நிரலில் ‘கிராகன்’ என்ற சொல் முகவரியிலேயே இருக்கிறது. அது ட்விட்ச் ஏபிஐயின் (வெளி நிரல்கள் ட்விட்சிடம் தரவு கேட்டுப் பெறும் வழி) பழைய தலைமுறை. 2022 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டுவிட்டது. ஆகவே நிரலை எவ்வளவு திருத்தினாலும் அந்த வழியில் தரவு கிடைக்காது. இன்று வேலை செய்வது ‘ஹெலிக்ஸ்’ என்ற தலைமுறை. அதில் நேரலைப் பட்டியலுக்கான முகவரி ‘ஸ்ட்ரீம்ஸ்’ என்று முடியும்.

ஹெலிக்ஸில் அனுமதி இல்லாமல் எதையும் கேட்க முடியாது. ட்விட்ச் கணக்கில் இரண்டடுக்குப் பாதுகாப்பை இயக்கிய பிறகு, டெவலப்பர் பக்கத்தில் உங்கள் செயலியைப் பதிவு செய்தால் ‘கிளையன்ட் ஐடி’, ‘கிளையன்ட் சீக்ரெட்’ என இரண்டு குறியீடுகள் தருவார்கள். அவற்றைக் கொடுத்து ஒரு டோக்கனை, அதாவது தற்காலிக அனுமதிக் குறியீட்டைப் பெற்று, ஒவ்வொரு கோரிக்கையிலும் டோக்கனையும் கிளையன்ட் ஐடியையும் தனித்தனி ஹெடர்களாக (கோரிக்கையுடன் செல்லும் குறிப்பு வரிகள்) சேர்த்து அனுப்ப வேண்டும். இரண்டில் ஒன்று விடுபட்டாலும் 401 என்ற பிழைதான் வரும். டோக்கன் எத்தனை நொடிகளுக்குச் செல்லும் என்பது அதைத் தரும்போதே சொல்லப்படும். வழக்கமாக இரண்டு மாத அளவு. காலாவதியானதும் புதிதாகக் கேட்டுப் பெறுவதே வழி.

இன்னொன்று: சீக்ரெட்டை உங்கள் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டில் எழுதிவிடாதீர்கள். பக்கத்தைத் திறக்கும் எவரும் அதைப் படித்துவிடலாம். டோக்கன் வாங்குவதையும் பட்டியல் எடுப்பதையும் சர்வரில் வைத்துக்கொண்டு, உலாவிக்கு முடிவை மட்டும் அனுப்புங்கள்.

கேள்வி: முதல் 500 சேனல்களை எடுத்து எக்செல் கோப்பில் சேமிக்கிறேன். சில சேனல்கள் இரண்டு முறை வருகின்றன. தளத்தில் கண்ணால் பார்த்த ஒரு சேனல் பட்டியலில் இல்லவே இல்லை. ஏபிஐ தரும் தரவை நம்பலாமா?
(தரவுப் பகுப்பாய்வாளர், சென்னை)

பதில்: நம்பலாம், ஆனால் எதை எடுக்கிறீர்கள் என்பதைத் தெரிந்து எடுக்க வேண்டும். ஸ்ட்ரீம்ஸ் பட்டியல், அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்போர் எண்ணிக்கையின்படி இறங்குவரிசையில் வருகிறது. ஒரு கோரிக்கைக்கு இயல்பாக 20 சேனல்கள்தான் கிடைக்கும். ‘ஃபர்ஸ்ட்’ என்ற அளவுருவில் 100 என்று கேட்டால் அதிகபட்சமாக 100 கிடைக்கும். அடுத்த பக்கத்துக்கு, பட்டியல் எதுவரை வந்தது என்பதைக் குறித்துப் பதிலின் கடைசியில் வரும் ‘கர்சர்’ மதிப்பை ‘ஆஃப்டர்’ அளவுருவில் திருப்பி அனுப்ப வேண்டும். உங்கள் 500 சேனல்களுக்கு ஐந்து பக்கங்கள் தேவைப்படுகின்றன என்றால், அந்த ஐந்தும் ஐந்து வெவ்வேறு நேரங்களில் எடுக்கப்பட்டவை என்று பொருள்.

நீங்கள் முதல் பக்கத்தை வாங்கி இரண்டாவதைக் கேட்பதற்குள், 99-ஆம் இடத்தில் இருந்தவரின் பார்வையாளர்கள் சிலர் கலைந்து அவர் 103-க்கு இறங்கினால், இரண்டு பக்கங்களிலும் இடம்பெறுவார். 102-இல் இருந்தவர் அதே இடைவெளியில் 98-க்கு ஏறினால் இரண்டிலும் இருக்க மாட்டார். இப்படி நேரக்கூடும் என்று ட்விட்ச் தன் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. பக்கங்களை இடைவெளியின்றி அடுத்தடுத்து எடுங்கள். 500 வேண்டுமென்றால் 600 எடுங்கள். ‘யூசர் ஐடி’ ஒன்றாக உள்ளவற்றில் கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, நீங்களே மறுபடி வரிசைப்படுத்தி முதல் 500-ஐ வெட்டிக்கொள்ளுங்கள். சேனலின் பெயரை வைத்து ஒப்பிடுவது சரியாக வராது, பெயரை உரிமையாளர் மாற்றிக்கொள்ளலாம், ஐடி மாறாது.

கோப்பில் ‘ஸ்டார்ட்டட் அட்’ நேரத்தையும் அப்படியே சேமித்திருக்கிறீர்கள். அதன் இறுதியில் நிற்கும் ‘இசட்’ எழுத்து, அது உலகப் பொது நேரம் என்பதற்கான அடையாளம். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டாமல் விட்டால், மாலை 7 மணிக்குத் தொடங்கிய நேரலை பகல் 1.30-க்குத் தொடங்கியதாகத் தெரியும்.

கேள்வி: அப்படியானால் ‘மிகப் பிரபலமான சேனல்கள்’ என்ற நிரந்தரப் பட்டியலை எப்படிப் பெறுவது?
(அதே வாசகர்)

பதில்: அப்படி ஒரு பட்டியல் இந்த ஏபிஐயில் கிடையாது. அதிகாலை 4 மணிக்கு எடுக்கும் வரிசையும் இரவு 9 மணிக்கு எடுக்கும் வரிசையும் ஒன்றாக இருக்காது. அமெரிக்கா விழித்திருக்கும் நேரத்தில் ஆங்கிலச் சேனல்கள் மேலே நிற்கும். பெரிய விளையாட்டுப் போட்டி நடந்தால் அதன் அதிகாரப்பூர்வச் சேனல் எல்லோரையும் தாண்டி நிற்கும். பயனர் விவரத்தில் முன்பு ‘வியூ கவுண்ட்’ என்ற மொத்தப் பார்வை எண் இருந்தது. அதைக் கைவிட்டுவிட்டதாக ட்விட்ச் அறிவித்துள்ளதால் அதைத் தொடாதீர்கள். பின்தொடர்வோரின் மொத்த எண்ணிக்கையைத் தனித்தனிச் சேனலாகக் கேட்டுப் பெறலாம். ஆனால் என்றோ பொத்தானை அழுத்திவிட்டு மறந்தவர்களும் அதில் அடக்கம் என்பதால், நான் அதைப் பிரபலத்தின் அளவாக எடுக்க மாட்டேன்.

பட்டியலைக் கால் மணிக்கு ஒரு முறை எடுத்துச் சேமித்து, சில வாரங்களுக்குப் பின் சராசரி காண்பதே நேர்மையான முறை. கோரிக்கை வரம்பு இதற்குத் தடையாக இராது. நிமிடத்துக்கு 800 புள்ளிகள் இயல்பாகக் கிடைக்கின்றன. ஒரு பக்கத்துக்கு ஒரு புள்ளிதான் செலவாகும். வரம்பு மீறினால் 429 என்ற பிழை வரும்.

கேள்வி: என்னிடம் உள்ள 60 சேனல்களில் யார் நேரலையில் இருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். 60 கோரிக்கைகள் அனுப்ப வேண்டுமா? சிலவற்றுக்கு வெற்றுப் பதில் வருகிறதே?
(வாசகர், திருச்சி)

பதில்: ஒரே கோரிக்கையில் 100 பெயர்கள் வரை தரலாம். ‘ஃபர்ஸ்ட்’ அளவை 100 ஆக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் 40 பேர் நேரலையில் இருந்தாலும் 20 பேர்தான் தெரிவார்கள். வெற்றுப் பதில் பிழையல்ல. அந்தச் சேனல் இப்போது நேரலையில் இல்லை என்பதை ஹெலிக்ஸ் அப்படித்தான் தெரிவிக்கும்.

கேள்வி: இதையே யூடியூப் நேரலைகளுக்குச் செய்யலாமா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: செய்யலாம், ஆனால் கையைக் கடிக்கும். யூடியூப் டேட்டா ஏபிஐயில் இயல்பான நாள் ஒதுக்கீடு 10,000 அலகுகள். நேரலைகளைத் தேடும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 100 அலகுகள் போய்விடும். எனவே தேடலைக் குறைத்து, கிடைத்த வீடியோக்களின் ஐடிகளைச் சேமித்துக்கொள்ளுங்கள். அவற்றை 50 வரை சேர்த்து ‘வீடியோஸ்’ முகவரியில் கேட்டால் ஓர் அலகுதான் ஆகும். அதில் வரும் ‘லைவ் ஸ்ட்ரீமிங் டீட்டெய்ல்ஸ்’ பகுதியில் அப்போதைய பார்வையாளர் எண்ணிக்கை இருக்கும். சேனல் உரிமையாளர் எண்ணிக்கையை மறைத்திருந்தால் அந்த விவரம் வராது. அதைப் பூஜ்யம் என்று பதிந்துவிடாமல் வெற்றிடமாக விடுங்கள். ஒதுக்கீடு பசிபிக் நேர நள்ளிரவில் புதுப்பிக்கப்படுகிறது. நம் நேரப்படி அது கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30.