வாசகர் கேள்வி – பதில்: மாடல் ரயிலில் எஃகுச் சரக்கு

கேள்வி: எச்ஓ அளவில், அதாவது 87-இல் ஒரு பங்காக, இந்திய ரயில்வேயின் தட்டையான சரக்கு வேகனான பிஆர்என் ஒன்றைச் செய்து, அதன் தளம் நிறைய எட்டு எஃகுச் சுருள்களை (சுருட்டிய எஃகுத் தகடுகளை) அடுக்கினேன். வேகன் அளவு பிசகாமல் இருந்தும், பார்வைக்குப் பொம்மை வண்டி போலவே தோன்றுகிறதே, ஏன்?

பதில்: குறை வேகனில் இல்லை, சுமையில்தான் இருக்கிறது. எஃகு ஒரு கன மீட்டருக்கு 7.85 டன் எடை கொண்டது. 1.7 மீட்டர் விட்டமும், 76 சென்டிமீட்டர் துளையும், 1.2 மீட்டர் அகலமும் உள்ள ஒரு சுருளைக் கணக்கிட்டால் அது மட்டுமே ஏறத்தாழ 17 டன் வரும். பிஆர்என் வேகனின் மொத்த எடை வரம்பு, நான்கு அச்சுகளுக்கும் தலா 20.32 டன் என்ற கணக்கில் 81.28 டன், வேகனின் சொந்த எடையான சுமார் 24 டன்னைக் கழித்தால் சரக்குக்கு மிஞ்சுவது 57 டன்தான். ஆகவே தளத்தில் எட்டுச் சுருளுக்கு இடம் இருந்தாலும் மூன்றுக்கு மேல் ஏற்ற முடியாது. அச்சுச்சுமையை 22.9 டன்னாக உயர்த்திய பின்னரும் நான்காவது சுருளுக்கு எடை இடம் தராது. நீங்கள் ஏற்றியிருப்பது 137 டன். எஃகு வண்டிகளை நேரில் பார்த்துப் பழகியவர்களின் கண் இந்தக் கணக்கைப் போடாமலேயே ஏதோ பொருந்தவில்லை என்று உணர்ந்துவிடுகிறது.

தகடுகளை ஏற்றும்போது இது இன்னும் வியப்பாக இருக்கும். 2.5 மீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் உயரத்திலேயே வேகனின் எடை வரம்பு நிறைந்துவிடும். எச்ஓ அளவில் அது மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. இடையில் வைக்கும் மரக்கட்டைகளுக்குச் சற்று உயரம் கூட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் போக வேண்டாம். உயரமான பக்கச்சுவர் கொண்ட பாக்ஸ்என் வேகனில் பில்லட்டுகளை, அதாவது நீண்ட எஃகுக் கட்டிகளை ஏற்றினாலும் இதே நிலைதான்: வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேகன் காலியாகவே தெரியும், மேலிருந்து எட்டிப் பார்த்தால்தான் அடியில் கிடக்கும் சரக்கு தென்படும். எஃகு வண்டியின் அழகே அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

ஆகவே மூன்று சுருள்களை மட்டும் வையுங்கள். ஒன்றை நடுவிலும், மற்ற இரண்டை இரு முனைகளிலும் உள்ள போகிகளுக்கு (சக்கரச் சட்டங்களுக்கு) மேலாகவும் அமைத்தால் எடை பரவி நிற்கும். சுருளின் துளை எந்தத் திசையை நோக்குகிறதோ அதற்குக் குறுக்காகவே சுருள் உருள முயலும் என்பதால், அந்த இரு பக்கங்களிலும் மர ஆப்புகளை மறவாமல் வைக்க வேண்டும். சுருளுக்கென்றே பள்ளமான இருக்கைகள் கொண்ட பிஎஃப்என்எஸ் வேகனைச் செய்தால் இந்த வேலை இன்னும் இயல்பாக அமையும்.

கேள்வி: சுருளை எதனால் செய்வது, என்ன நிறம் பூசுவது? எங்கள் ஊர் சேலம் என்பதால் உருக்காலைச் சரக்கை நினைத்தே கேட்கிறேன்.

பதில்: உருளையைக் கடைந்து கோடு கீறுவதைவிடக் காகிதத்தைச் சுற்றுவதே மேல். 14 மில்லிமீட்டர் அகலத்தில் காகிதப் பட்டை வெட்டி, ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள குழாயின் மேல், விட்டம் 19.5 மில்லிமீட்டர் ஆகும் வரை இறுக்கிச் சுற்றுங்கள். சாதாரணத் தாளானால் இரண்டரை மீட்டர் நீளம் பிடிக்கும். (மூன்று மில்லிமீட்டர் தகட்டாலான உண்மைச் சுருளைப் பிரித்து விரித்தால் அறுநூறு மீட்டர் நீளும்.) கடைசிச் சில சுற்றுகளை மயிரிழை அளவு விலகவிட்டால் பக்கவாட்டு முகம் உயிர் பெறும். கட்டுப்பட்டைக்குக் கறுப்புத் தாளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக நறுக்கி ஒட்டினால் போதும்.

நிறத்தில்தான் பலர் தவறுகிறார்கள். எல்லா எஃகையும் துருவாக்கிவிடக் கூடாது. சூடாக உருட்டிய சுருள் ஆலையைவிட்டு வரும்போது நீலச் சாயல் கொண்ட கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும். மழை பட்ட பிறகே வெளிச்சுற்றிலும் ஓரங்களிலும் செம்பழுப்பு படரும். ஆகவே அடிநிறமாகக் கருஞ்சாம்பலைப் பூசி, துரு நிறப் பொடியை ஓரங்களில் மட்டும் தேயுங்கள். குளிர்ந்த நிலையில் உருட்டிய சுருளை நீர் படாமல் உறையிட்டு அனுப்புவார்கள் என்பதால், அங்கே உங்களுக்குத் தெரிய வேண்டியது எஃகு அல்ல, உறைதான். சேலம் உருக்காலை தயாரிப்பதோ துருப்பிடிக்காத எஃகு. அதன்மேல் செம்பழுப்பு ஒரு துளியும் படக் கூடாது.

கேள்வி: சுமையை எடுத்துவிட்டு ஓட்டினால் வேகன் தடம்புரளுகிறது.

பதில்: சுமையில்லாத வேகன் மிக இலேசாக இருப்பதே காரணம்; தட்டையான வேகன்களில் எடையை ஒளிக்க இடமில்லை. அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ, எச்ஓ வண்டிக்கு 28 கிராமும், அதன் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் மேலும் 14 கிராமும் பரிந்துரைக்கிறது. உங்கள் பிஆர்என் 168 மில்லிமீட்டர் நீளம் என்பதால் 120 கிராம் வேண்டும். தளத்தின் அடியில், நடுச்சட்டத்துக்கு இருபுறமும் மெல்லிய ஈயத் தகட்டை ஒட்டுங்கள். சுருள்களை எடையாக நம்ப வேண்டாம். அசல் எஃகிலேயே கடைந்தாலும் எச்ஓ அளவில் ஒரு சுருள் 26 கிராம்தான் வரும்.

கேள்வி: பிலாய் ஆலையிலிருந்து 260 மீட்டர் தண்டவாளங்கள் ஏற்றி வரும் வண்டியை மாடலாகச் செய்ய இயலுமா?

பதில்: இயலும். முழு நீளத்தில் செய்தால் மூன்று மீட்டர் வரும், பதினெட்டு வேகன்கள் தேவைப்படும். வீட்டு அமைப்புக்குப் பாதி நீளமே போதும். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் உயரம் 172 மில்லிமீட்டர் என்பதால், மாடலில் இரண்டு மில்லிமீட்டர் உயரமுள்ள பிளாஸ்டிக் பட்டைகளைத் தேர்ந்தெடுங்கள். கடையில் கிடைக்கும் உலோக மாடல் தண்டவாளம் விறைப்பானது; வளைவில் வேகன்களை வெளியே தள்ளிவிடும். உண்மை வண்டியில் தண்டவாளங்களை ஓரிடத்தில் மட்டும் இறுக்கிப் பிடித்து, மற்ற வேகன்களில் தாங்கிகளின்மேல் முன்னும் பின்னும் நகர விடுவது போலவே, நீங்களும் நடு வேகனில் மட்டும் ஒட்டுங்கள். அந்தத் தண்டவாளங்களின்மேல் இன்னும் எந்தச் சக்கரமும் ஓடியதில்லை. ஆகவே தலைப்பகுதியைப் பளபளப்பாக்காமல், பக்கங்களைப் போலவே மங்கலாக விடுங்கள்.